ஒரு பைட்டுக்கு ஒரு பக்கம்

மெய்நிகர்க் கணினி ஒன்றை இயக்கிய முதல் நொடியிலேயே ஒரு சிக்கல் வந்து நிற்கிறது. வட்டைப் படிக்கத் தெரிந்த டிரைவர் லினக்ஸ் கருவுக்குள் இருக்கிறது. அந்தக் கருவோ வட்டுக்குள் இருக்கிறது. பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டிய கதைதான். இயங்குதளம் கண் விழிக்கும் முன்பே வட்டைத் திறந்து, அதிலிருந்து கருவை எடுத்து நினைவகத்தில் வைக்க இன்னொரு மென்பொருள் தேவை. அதைத்தான் ஃபர்ம்வேர் என்கிறோம். நிஜக் கணினியில் அது தாய்ப்பலகையில் உள்ள சில்லில் குடியிருக்கும். மெய்நிகர்க் கணினிக்கு அது வெறும் ஒரு கோப்பு.

அப்படிப்பட்ட ஃபர்ம்வேர்களில் ஒன்று ஓவிஎம்எஃப். இன்டெல் 2004இல் திறந்துவிட்ட டியானோகோர் நிரல்தொகுப்பின் வழிவந்த இடிகே 2 திட்டத்தில் அது ஒரு பகுதி. க்யூஎமு, கேவிஎம் ஆகிய மெய்நிகராக்க மென்பொருள்களின் மேல் ஓடும் மெய்நிகர்க் கணினிகள் யூஇஎஃப்ஐ என்ற ஃபர்ம்வேர்த் தரத்தின் முறையில் தொடங்க வேண்டுமென்றால் பெரும்பாலும் இதைத்தான் நாடுகின்றன. அதற்குள் விர்ட்டியோலிப் என்று ஒரு சிறு நூலகம் இருக்கிறது. சில நூறு வரிகள்தான். மெய்நிகர் வட்டு, மெய்நிகர் ஸ்கஸி, மெய்நிகர் சீரற்ற எண் சாதனம் போன்றவற்றுக்கு டிரைவர் எழுதுகிறவர் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து எழுதாமல் இருக்க உதவும் செயற்கூறுகள் அதில் உள்ளன. ரெட் ஹாட் நிறுவனத்தின் பங்களிப்பாக 2012இல் வந்து சேர்ந்தது. இவ்வளவு சிறிய நூலகத்தைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எதற்கு என்று கேட்கலாம். அடுத்த 5 ஆண்டுகளில் அதற்கு நேர்ந்த மாற்றங்களைப் பின்தொடர்ந்து படித்தால், ஓர் உதவிச் செயற்கூறு எதைத் தன்னுள் மறைத்துக்கொள்ளலாம், எதை மறைக்கவே கூடாது என்ற கேள்விக்கு நான் வேறெங்கும் காணாத தெளிவான விடை அங்கே கிடைக்கிறது.

முதலில் விர்ட்டியோ எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மெய்நிகர்க் கணினியைத் தாங்கி ஓட்டும் நிஜக் கணினியை ஹோஸ்ட் என்பார்கள், உள்ளே ஓடுவதைக் கெஸ்ட் என்பார்கள். ஃபேப்ரிஸ் பெலார்ட் 2003இல் வெளியிட்ட க்யூஎமு பழைய வன்பொருள்களை அச்சு அசலாக நடித்துக் காட்டியது. பழைய ஐடிஇ வட்டில் ஒரு படிப்புக் கட்டளை கொடுக்க 6 பதிவகங்களில் எழுத வேண்டும். நிஜ வட்டில் அது ஒரு பொருட்டே இல்லை. மெய்நிகர்க் கணினியிலோ ஒவ்வோர் எழுத்தின்போதும் கெஸ்ட் நின்று, கட்டுப்பாடு ஹோஸ்டின் கைக்குப் போய், அது நடிக்க வேண்டியதை நடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். எதிரில் நிஜ வட்டு இல்லை என்று இரு தரப்புக்கும் தெரிந்த பிறகும் ஏன் இந்த நாடகம்? ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த லினக்ஸ் நிரலாளர் ரஸ்டி ரஸ்ஸல் இதற்குத் தீர்வாக விர்ட்டியோவை வடிவமைத்தார். 2008 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 2.6.24இல் அது இடம்பெற்றது. பின்னாளில் ஓயாசிஸ் அமைப்பு அதைத் தரமாக வகுத்தது.

விர்ட்டியோவின் உயிர் ஒரு வளையத்தில் இருக்கிறது. கெஸ்டின் நினைவகத்திலேயே மூன்று பகுதிகள் ஒதுக்கப்படுகின்றன. முதலாவது விவரப் பட்டியல். அதில் ஒவ்வொரு பதிவும் 16 பைட்: தரவு இருக்கும் முகவரிக்கு 8, நீளத்துக்கு 4, கொடிகளுக்கு 2, தொடர்ச்சி எங்கே என்பதற்கு 2. இரண்டாவது, 'இந்த வேலை தயார்' என்று கெஸ்ட் எழுதும் வளையம். மூன்றாவது, 'இந்த வேலை முடிந்தது' என்று ஹோஸ்ட் எழுதும் வளையம். ஒருவர் வளையத்தில் மற்றவர் எழுதுவதே இல்லை. மளிகைக் கடைக்காரரும் வாடிக்கையாளரும் ஆளுக்கொரு நோட்டு வைத்துக்கொண்டு, எழுதுவது தன் நோட்டில் மட்டும், படிப்பது மற்றவர் நோட்டை என்று இருந்தால் கணக்கில் கைகலப்பு வராது. அதே ஏற்பாடுதான். பூட்டு எதுவும் தேவையில்லை. எல்லாம் எழுதி முடித்த பிறகு 'பார்' என்று ஒரே ஒரு தட்டு தட்டினால் போதும்.

விர்ட்டியோலிப் செய்வது இந்த வளையத்தைக் கையாளும் வேலை. 'ரிங் இனிட்' என்ற செயற்கூறு வளையத்துக்கான இடத்தை ஒதுக்குகிறது. 128 இடங்கள் கொண்ட வரிசைக்கு விவரப் பட்டியல் 2,048 பைட், கெஸ்டின் வளையம் 262 பைட், ஹோஸ்டின் வளையம் 1,030 பைட். ஹோஸ்டின் வளையம் 4,096 பைட் கொண்ட புதிய நினைவகப் பக்கம் ஒன்றில் தொடங்க வேண்டும் என்பது பழைய விதி. அதனால் மொத்தம் 2 பக்கங்கள், 8,192 பைட். ஒதுக்கிய இடம் முழுவதையும் சுழியமாக்கவும் செய்கிறது. அதைச் செய்யாவிட்டால், முன்பு அங்கே கிடந்த ஏதோ ஒரு எச்சத்தை ஹோஸ்ட் வேலைப் பட்டியல் என்று படித்துவிடக்கூடும்.

அடுத்து மூன்று செயற்கூறுகள்: 'பிரிப்பேர்', 'அப்பென்ட் டெஸ்க்', 'ஃப்ளஷ்'. டிரைவர் எழுதுகிறவருக்கு அன்றாடம் கைகொடுப்பவை இவைதாம். வட்டிலிருந்து ஒரு பகுதியைப் படிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பிரிப்பேரை ஒரு முறை அழைத்தால் விவரப் பட்டியலின் தொடக்கத்துக்குப் போகிறது; 'வேலை முடிந்ததும் குறுக்கீடு அனுப்பி என்னைத் தொந்தரவு செய்யாதே' என்ற கொடியையும் ஏற்றிவிடுகிறது. அப்பென்டை மூன்று முறை அழைக்க வேண்டும். முதல் முறை 16 பைட் தலைப்பு: படிப்பா எழுத்தா, எந்த 512 பைட் பகுதியிலிருந்து என்ற விவரம். இரண்டாம் முறை தரவு வந்து விழ வேண்டிய இடம். மூன்றாம் முறை ஒரே ஒரு பைட்: வேலை ஆயிற்றா இல்லையா என்று ஹோஸ்ட் எழுதப்போகும் இடம். 128 இடம் இருந்தும் பயன்படுவது மூன்றே மூன்று. வரிசையில் 3 இடமாவது இல்லையென்றால் வட்டு டிரைவர் அந்தச் சாதனத்தையே ஏற்க மறுத்துவிடும். ஸ்கஸி டிரைவருக்கு 4 வேண்டும்.

அந்த ஒற்றைப் பைட்டைச் சற்று உற்றுப் பார்க்கச் சொல்வேன். ஹோஸ்ட் அதில் 0 எழுதினால் வெற்றி. வட்டு டிரைவர் கோரிக்கையை அனுப்பும் முன்பே அதில் தோல்வி என்று பொருள்படும் எண்ணை எழுதி வைக்கிறது. ஹோஸ்ட் எதையும் எழுதாமல் திருப்பிவிட்டாலும், நினைவகத்தில் தற்செயலாகக் கிடந்த 0 வெற்றியாகிவிடக் கூடாதல்லவா? 2012 வடிவத்தில் இந்தப் பைட் செயற்கூறின் உள்ளே, அது முடிந்ததும் கைவிடப்படும் ஸ்டாக் நினைவகத்தில் இருந்த ஒரு சாதாரண மாறி. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

ஃப்ளஷ்தான் நூலகத்தின் நடுநாயகம். அது வேலையின் எண்ணைக் கெஸ்டின் வளையத்தில் எழுதுகிறது. பிறகு வளையத்தின் குறியெண்ணை ஒன்று கூட்டுகிறது. பிறகு ஹோஸ்டைத் தட்டுகிறது. இந்த மூன்றுக்கும் இடையில் நினைவகத் தடுப்பு எனப்படும் கட்டளைகள் வருகின்றன. நிரலில் எழுதிய வரிசையிலேயே நினைவகத்தில் எழுத்து போய்ச் சேரும் என்று நம்ப முடியாது. கம்பைலர் வரிசையை மாற்றலாம். இன்டெல் வகைச் செயலிகளில் எழுத்துகளின் வரிசை பெரும்பாலும் காக்கப்படும், ஏஆர்எம் செயலிகளில் அந்த உறுதியில்லை. குறியெண் முதலில் போய், விவரம் பின்னால் போனால், ஹோஸ்ட் பாதி எழுதிய பதிவைப் படித்து, எங்கோ ஒரு முகவரியில் தரவைக் கொட்டிவிடும். ஆயிரம் முறையில் ஒரு முறை மட்டும் நிகழும் இப்படிப்பட்ட பிழையைத் தேடிப் பிடிப்பதைப்போல மனிதரை வதைக்கும் வேலை நிரலாக்கத்தில் குறைவு. ஒரு தடுப்புக் கட்டளை எங்கே நிற்க வேண்டும் என்று ஒருவர் ஒரு முறை சரியாக யோசித்து எழுதிவிட்டால், பின்னால் வரும் டிரைவர் ஆசிரியர் ஒவ்வொருவரும் அந்த வதையிலிருந்து தப்புகிறார். உதவிச் செயற்கூறு என்ற சொல்லுக்கு முழுத் தகுதியான உதவி இதுதான்.

தட்டிய பிறகு ஃப்ளஷ் காத்திருக்கிறது. யூஇஎஃப்ஐ உலகில் டிரைவர்கள் சாதனக் குறுக்கீடுகளை நம்புவதில்லை. அங்கே கடிகாரத்தின் குறுக்கீடு ஒன்றுதான். ஆகவே அவ்வப்போது எட்டிப் பார்க்க வேண்டும். முதலில் 1 மைக்ரோநொடி கழித்து, பிறகு 2, பிறகு 4 என்று இடைவெளி இரட்டிப்பாகி, 1,024 மைக்ரோநொடியில் நின்றுவிடுகிறது. வேலை சட்டென முடிந்தால் காலவிரயம் இல்லை. நீண்டால், ஏறத்தாழ ஒரு மில்லிநொடிக்கு ஒரு முறை மட்டும் எட்டிப் பார்க்கிறது. ஒரு வேலை முடிந்த பிறகுதான் அடுத்தது என்பதால், ஹோஸ்டின் குறியெண் நம் குறியெண்ணுக்குச் சமமாயிற்றா என்று மட்டும் பார்த்தால் போதும்.

வேகத்தைப் பெரிதாக நினைப்பவருக்கு இது மனத்தாங்கலாக இருக்கும். ஒரே நேரத்தில் பல கோரிக்கைகளை வரிசையில் விடுவதற்காகவே உருவான வளையத்தில் ஒன்றே ஒன்றை விட்டுவிட்டுக் காத்துக் கிடப்பதா? என் கணிப்பில் இது சரியான முடிவு. ஃபர்ம்வேர் படிப்பது ஒரு கருவையும் சில கோப்புகளையும்தான். அதற்கு இந்த வேகம் போதும். நிரல் எளிதாக இருப்பதால் பிழைக்கு இடமும் குறைகிறது.

இன்னொன்று கவனிக்க வேண்டியது: அந்தக் காத்திருப்புக்கு உச்ச வரம்பு இல்லை. ஹோஸ்ட் பதில் சொல்லவே இல்லையென்றால் ஃபர்ம்வேர் அங்கேயே நின்றுவிடும். முதலில் படித்தபோது இதை ஒரு குறை என்றே நினைத்தேன். 5 நொடிக்குப் பிறகு பிழை என்று திரும்பிவிடலாமே? யோசித்துப் பார்த்தால் அது ஆபத்து. கோரிக்கையை அனுப்பிய கணத்திலிருந்து அந்தத் தரவிடம் ஹோஸ்டின் கையில் இருக்கிறது. நாம் பொறுமையிழந்து திரும்பிவிட்டால், அந்த இடம் வேறு வேலைக்குப் போய்விடும். ஸ்டாக்கில் இருந்த அந்த நிலைப் பைட்டின் மேல் வேறொரு செயற்கூறின் மாறி வந்து உட்கார்ந்திருக்கும். 6ஆம் நொடியில் ஹோஸ்ட் சாவகாசமாக அங்கே எழுதினால் என்ன ஆகும்? இடத்தை நாம் திரும்பப் பெற இரண்டே வழிகள்: ஹோஸ்ட் 'முடிந்தது' என்று எழுத வேண்டும், அல்லது சாதனத்தையே மீட்டமைத்து வளையத்தை அது மறக்கும்படி செய்ய வேண்டும்.

நான் சொல்ல வந்தது இங்கேதான் இருக்கிறது. வளையத்தில் எழுதும் படிகளை உதவிச் செயற்கூறு மறைத்துக்கொள்ளலாம், மறைக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு துண்டு நினைவகம் இந்தக் கணத்தில் யார் கையில் இருக்கிறது என்பதை டிரைவர் ஆசிரியரின் கண்ணிலிருந்து அது மறைக்கக் கூடாது. விர்ட்டியோலிப்பின் ஃப்ளஷ், உரிமை கைமாறிப் போய்த் திரும்பி வருவதை ஒரே அழைப்புக்குள் முடித்துவிடுகிறது. அழைத்தபோது கொடுத்தோம், திரும்பியபோது பெற்றோம். அதனால்தான் அதைப் பயன்படுத்துகிறவர் நிம்மதியாக இருக்க முடிகிறது.

இந்த எளிமை செல்லாத இடமும் உண்டு. 2013இல் வந்த மெய்நிகர் வலையமைப்பு டிரைவர், ரிங் இனிட்டை எடுத்துக்கொண்டதே தவிர, பொட்டலங்களை அனுப்பவும் பெறவும் ஃப்ளஷைத் தொடவில்லை. வலையமைப்பில் பொட்டலம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வருவதற்கு முன்பே காலி இடங்களை ஹோஸ்டிடம் கொடுத்து வைத்திருக்க வேண்டும். அனுப்பும் பக்கத்திலும் யூஇஎஃப்ஐயின் விதி காத்திருப்பை எதிர்பார்ப்பதில்லை: 'அனுப்பு' என்ற அழைப்பு இடத்தை வாங்கிக்கொண்டு உடனே திரும்பிவிடும், பிறகொரு நாழியில் 'நிலை என்ன' என்று கேட்கும்போதுதான் இடம் திரும்ப வரும். உரிமை கைமாறுவது இங்கே இரண்டு அழைப்புகளாகப் பிரிந்துவிட்டது. ஃப்ளஷின் வடிவம் இதற்குப் பொருந்தாது. பொருந்தும்படி அதை இழுத்து நீட்டாமல், வலையமைப்பு டிரைவர் தன் வளையத்தைத் தானே கையாளும்படி விட்டது நல்ல தீர்ப்பு. எல்லோருக்கும் பொருந்த வேண்டும் என்று ஓர் உதவிச் செயற்கூறுக்கு ஏழெட்டு விருப்ப அளபுருக்களைச் சேர்த்துக்கொண்டே போனால், கடைசியில் அது யாருக்கும் உதவாது.

நூலகத்தைச் சுற்றி வேறு மாற்றங்களும் வந்தன. ஏஆர்எம் பக்கம் மெய்நிகர்க் கணினிகள் பிசிஐ என்ற சாதனப் பாட்டை இல்லாமல் நேரடி நினைவக முகவரி வழியாகச் சாதனங்களைக் காட்டின. அதற்காக 2013 இறுதியில் டிரைவர்களுக்கும் பாட்டைக்கும் நடுவே ஒரு பொது இடைமுகம் சேர்ந்தது. 2016இல் விர்ட்டியோ 1.0க்கான ஆதரவும் வந்தது. கெஸ்ட் தான் ஏற்கும் அம்சங்களை எழுதிவிட்டு, அந்த ஒப்பந்தம் நின்றதா என்று சாதனத்தின் நிலையைத் திரும்பப் படித்து உறுதி செய்ய வேண்டும் என்பது புதிய விதி. அதற்கும் ஓர் உதவிச் செயற்கூறு எழுதினார்கள். பழைய சாதனமானால் டிரைவர் அந்தப் படியைத் தாண்டிவிடும்.

ஃபர்ம்வேர் விடைபெறும் தருணம் இதைவிடக் கவனத்துக்குரியது. இயங்குதளம் 'இனி நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லும் அழைப்பு யூஇஎஃப்ஐயில் உண்டு. அந்த நொடியிலிருந்து ஃபர்ம்வேரின் தற்காலிக நினைவகம் எல்லாம் இயங்குதளத்துக்குச் சொந்தம். வளையமும் அந்த நினைவகத்தில்தான் இருக்கிறது. ஹோஸ்டுக்கு இந்தக் கைமாற்றம் தெரியாது. பழைய முகவரியையே வளையம் என்று அது நம்பிக்கொண்டிருக்கும். வலையமைப்புச் சாதனமானால் அடுத்த பொட்டலம் வந்ததும், இயங்குதளத்தின் ஏதோ ஒரு பக்கத்தின் மேல் அதைக் கொட்டிவிடும். ஆகவே ஒவ்வொரு விர்ட்டியோ டிரைவரும் விடைபெறும் நிகழ்வுக்குக் காது கொடுத்திருந்து, அது வந்ததும் சாதனத்தின் நிலைப் பதிவகத்தில் 0 எழுதுகிறது. சாதனம் வளையத்தை மறந்துவிடுகிறது. ஒரே ஒரு வரி நிரல்தான், ஆனால் அதை மறந்தவர் அனுபவிக்கப்போகும் பிழை, அந்த டிரைவரோடு தொடர்பே இல்லாததுபோல வேறெங்கோ வெடிக்கும்.

இந்த நிலையில் 2017இல் நிலமே அசைந்தது. ஏஎம்டி தன் எபிக் செயலிகளில் எஸ்இவி என்ற வசதியைக் கொண்டுவந்தது. கெஸ்டின் நினைவகம் முழுவதும் மறையாக்கம் செய்யப்படும், அதன் திறவுகோல் ஹோஸ்டின் மென்பொருளுக்கும் எட்டாது. அடுத்தவர் தரவு மையத்தில் தன் கணினியை ஓட்டுகிறவருக்கு இது பெரிய ஆறுதல். விர்ட்டியோவுக்கோ அடித்தளத்திலேயே கை வைத்தது. கெஸ்டின் நினைவகத்தை ஹோஸ்ட் நேராகப் படிக்கலாம், எழுதலாம் என்ற நம்பிக்கையின் மேல் எழும்பியதல்லவா இந்த வளையம்? இனி ஹோஸ்ட் பார்ப்பது மறையாக்கம் செய்த குப்பையை மட்டுமே. எதைக் காட்ட விரும்புகிறோமோ அந்தப் பக்கங்களை மட்டும் மறைநீக்கிப் பொதுவில் வைக்க வேண்டும்.

நூலகத்தில் இதன் முதல் சுவடு ஓர் அளபுருவின் பெயரில் தெரிகிறது. அப்பென்ட் அதுவரை வாங்கி வந்தது 'பௌதிக முகவரி'. இப்போது அது 'சாதன முகவரி' ஆயிற்று, அளவும் எப்போதும் 64 பிட் ஆயிற்று. பெயர் மாற்றம் என்று கடந்து போய்விடக் கூடாது. என் நினைவகத்தை நான் அறியும் முகவரியும் சாதனம் அறியும் முகவரியும் ஒன்றே என்ற எண்ணம் அங்கே கைவிடப்பட்டது. ஒவ்வொரு டிரைவரும் இனி தன் இடத்தை முதலில் ஹோஸ்டுக்குப் புலப்படும்படி பொருத்திவிட்டு, அதனால் கிடைத்த முகவரியைத்தான் அப்பென்டிடம் கொடுக்க வேண்டும். இந்தப் பொருத்துதலை அப்பென்டுக்குள்ளேயே ஒளித்து வைத்திருக்கலாம், டிரைவர்கள் எதையும் மாற்றாமல் இருந்திருக்கும். அப்படிச் செய்யவில்லை. பொருத்துவதற்குத் தனி உதவிச் செயற்கூறு ஒன்றைக் கொடுத்துவிட்டு, எப்போது பொருத்துவது, எப்போது விடுவிப்பது என்ற பொறுப்பை டிரைவரிடமே விட்டார்கள். விடுவிக்கும் தருணத்தில் ஹோஸ்ட் எழுதியது கெஸ்டின் அந்தரங்க நினைவகத்துக்குப் படியெடுக்கப்படுகிறது. அது எப்போது நிகழ்கிறது என்று தெரியாத டிரைவர், இன்னும் வந்து சேராத தரவைப் படித்துவிடும்.

வலையமைப்பு டிரைவருக்கு இதனால் ஒரு புதுச் சுமை. அனுப்பி முடிந்த பொட்டலத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, விவரப் பட்டியலில் இருந்த முகவரியே அழைத்தவரின் முகவரி என்று முன்பு கொடுத்துவிட முடிந்தது. இப்போது அங்கே இருப்பது சாதன முகவரி. எந்தச் சாதன முகவரி யாருடைய எந்த இடத்துக்கு உரியது என்று வரிசைப்படுத்திய ஓர் அட்டவணையை டிரைவர் வைத்துக்கொண்டு, திரும்பி வரும் ஒவ்வொன்றையும் அதில் தேட வேண்டியதாயிற்று.

இனி அந்த ஒற்றைப் பைட். தலைப்பு ஒருவழிப் பயணம்: கெஸ்ட் எழுதும், ஹோஸ்ட் படிக்கும். படிப்புக் கோரிக்கையில் தரவும் ஒருவழி: ஹோஸ்ட் எழுதும், கெஸ்ட் படிக்கும். ஒருவழிப் பயணங்களுக்கு ஹோஸ்ட் காணக்கூடிய இடைத்தங்கல் பக்கம் ஒன்று போதும். கெஸ்ட் எழுதியதை முன்கூட்டிப் படியெடுத்தோ, ஹோஸ்ட் எழுதியதைப் பின்னால் படியெடுத்தோ சமாளித்துவிடலாம். நிலைப் பைட்டில் கெஸ்டும் எழுதியிருக்கிறது, ஹோஸ்டும் எழுதப்போகிறது. தோல்வி என்ற முன்குறிப்பை நாம் எழுதியது அந்தரங்கப் பக்கத்தில்; ஹோஸ்ட் எழுதுவது இடைத்தங்கல் பக்கத்தில். ஹோஸ்ட் எதையும் எழுதாமல் விட்டுவிட்டால், இடைத்தங்கல் பக்கத்தில் கிடந்தது நம் முன்குறிப்பின் மேல் வந்து படிந்துவிடும். அது 0 ஆக இருந்தால் தோல்வி வெற்றியாகிவிடும். 2012இல் முன்யோசனையோடு செய்த காப்பு கண்ணுக்குத் தெரியாமல் உடைந்து போயிருக்கும். ஆகவே அந்தப் பைட் இரு தரப்பும் ஒரே சமயத்தில் காணக்கூடிய பொதுப் பக்கத்தில் இருந்தாக வேண்டும். ஒரு பக்கம் அந்தரங்கமா பொதுவா என்பதைக் குறிக்கும் பிட் பக்க அட்டவணையில் இருக்கிறது. அதனால் ஒரு பக்கத்தைவிடச் சிறிய எதையும் தனியே பொதுவாக்க முடியாது. ஸ்டாக்கில் உட்கார்ந்திருந்த ஒரு பைட்டுக்காக, வட்டுக் கோரிக்கை ஒவ்வொன்றுக்கும் 4,096 பைட் கொண்ட முழுப் பக்கம் ஒன்றை ஒதுக்கி, பயன்படுத்தி, விடுவிக்கிறார்கள். மாற்றத்தை எழுதியவர்கள் காரணத்தை நிரலின் குறிப்பிலேயே பதிந்தும் வைத்திருக்கிறார்கள். அந்தக் குறிப்பு மட்டும் இல்லாமல் போயிருந்தால், பின்னால் யாரோ ஒருவர் இடத்தை மிச்சம் பிடிப்பதாக எண்ணி அதைத் திரும்ப ஸ்டாக்குக்குக் கொண்டுபோயிருப்பார்.

விடைபெறும் தருணத்துக்கும் இதே கணக்கு வந்தது. பொதுவில் வைத்த பக்கங்களை எல்லாம் மறுபடி அந்தரங்கமாக்கிவிட்டுத்தான் இயங்குதளத்திடம் கொடுக்க வேண்டும். சாதனங்கள் மீட்டமைக்கப்படும் முன் அதைச் செய்யக் கூடாது. ஹோஸ்ட் இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்கும் வளையம் அதன் காலடியிலிருந்து உருவப்பட்டுவிடும். விடைபெறும் நிகழ்வுக்குக் காது கொடுத்திருக்கும் டிரைவர்களில் யார் முதலில் அழைக்கப்படுவார் என்பதற்கு யூஇஎஃப்ஐ எந்த உறுதியும் தருவதில்லை. ஆனால் காது கொடுத்திருக்கும் எல்லோரும் வரிசையில் சேர்க்கப்பட்ட பிறகுதான் முதலாமவர் அழைக்கப்படுவார் என்ற உறுதி உண்டு. அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டார்கள். பொதுப் பக்கங்களைக் கவனிப்பதற்கென்றே இருக்கும் தனி டிரைவர் தன் முறை வந்ததும் அவற்றை மூடுவதில்லை. தனக்குத்தானே இன்னொரு நிகழ்வை எழுப்பிவிட்டு ஒதுங்குகிறது. அந்தப் புதிய நிகழ்வு வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. வட்டு, ஸ்கஸி, வலையமைப்பு என்று ஒவ்வொரு டிரைவரும் தன் சாதனத்தில் 0 எழுதி முடித்த பிறகு அதன் முறை திரும்ப வருகிறது. அப்போதுதான் மிஞ்சியிருக்கும் பொதுப் பக்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன.